பெயர் சொல்லாத யோகா வகுப்பு

தோக்கியோவின் நிஷி கசாய்க்குக் குடிவந்த முதல் வாரம் வாசல் கதவில் ஓம் ஸ்டிக்கர் ஒட்டினேன். அது என்ன எழுத்து என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். எழுபது வயதிருக்கும். "ஓம்" என்றேன். அவர் முகம் வெளிறிப்போனது. குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கணவரின் அலுவலக நண்பர் சொல்லித்தான் காரணம் புரிந்தது. 1984-இல் ஷிபுயாவில் சின்ன யோகா வகுப்பாகத் தொடங்கிய மதக் கூட்டம் ஓம் ஷின்ரிக்கியோ. 1995 மார்ச் 20 காலை நெரிசலில் சுரங்க ரயில்களுக்குள் சாரின் நச்சுவாயுவைப் பரப்பியது அவர்கள்தான். அதைச் செய்தவர்களில் ஒரு இதய மருத்துவரும் இருந்தார். 2018-இல் தலைவரையும் சேர்த்து 13 பேரைத் தூக்கிலிட்டார்கள். கைக்குழந்தை காதில் நாம் ஓதுகிற சொல், அந்த அம்மாவுக்கு வயிற்றைக் கலக்குகிற சொல். ஸ்டிக்கரைப் பிரித்து சாமி அலமாரிக்குள் ஒட்டினேன்.

அப்புறம் எல்லாம் பழகிவிட்டது. எந்தக் கிழமை எந்தக் குப்பை, அரிசி மூட்டையோடு சைக்கிள் மிதிப்பது, வத்தக்குழம்பு தாளிக்கும்போது ஜன்னலைச் சாத்துவது, எல்லாம்தான். மன்னார்குடியில் அந்த வாசனை தெருவுக்குப் போனால் எதிர்வீட்டு அத்தை அங்கிருந்தே குரல் கொடுப்பார்: "ஒரு கிண்ணம் எடுத்து வை!"

மகளுக்குப் பதினாறு வயது. ஜப்பானியப் பள்ளி, பாதி மொழி, மதியச் சாப்பாடு தனியாக. ஒருநாள் சிரித்த முகத்தோடு வந்தாள். ஸ்டேஷன் வாசலில் கருத்துக் கேட்புத் தாளோடு நின்ற ஒரு அக்கா பழக்கமாம், இலவச யோகா வகுப்புக்குக் கூப்பிட்டாளாம். எனக்கும் சந்தோஷம்தான். மொட்டைமாடியில் தினமும் சூரிய நமஸ்காரம் செய்கிற தாத்தாவிடம் போனில் சொன்னோம். "நான் கூப்பிட்டப்ப ஒரு நாள் எழுந்தாளா?" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. வீடே சிரித்தது.

மூன்று மாதம் கழித்து, லிஃப்டில் பக்கத்து வீட்டு அம்மா கேட்டார்: "அந்த வகுப்புக்குப் பெயர் என்ன?"

மகளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் வேறு வேறு கூடம். வகுப்பு முடிந்ததும் ஃபேமிலி ரெஸ்டாரன்டில் ராத்திரி ஒன்பது வரை பேச்சு. பள்ளியில் பட்டது, வீட்டுச் சண்டை என்று இவள் சொல்லச் சொல்ல அக்கா நோட்டில் எழுதிக்கொள்வாளாம். பெற்றவர்கள் மேல் உள்ள பற்றுதான் உன்னைக் கீழே இழுக்கிறது, வீட்டில் இப்போதைக்குச் சொல்லாதே என்பதுவரை வந்திருந்தது. தாத்தா அனுப்பிய பிறந்தநாள் பணமும் போயிருந்தது. பெயரை மறைத்து யோகா, தன்னார்வப் பணி என்று ஆள் சேர்ப்பவர்களைப் பற்றி ஏப்ரலில் பல்கலைக்கழகங்கள் புது மாணவர்களை எச்சரிப்பதுண்டு. பள்ளிக்கூடப் பெண்ணுக்கு யார் சொல்வது?

கத்தினேன். அவள் அழவில்லை. "அம்மா, நான் ஒரு வாக்கியம் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தது அவங்க மட்டும்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் புது ஆளோடு இரண்டு நாள் பேசினால், மூன்றாம் நாள் யார் வீட்டுப் பிள்ளை அது என்று திண்ணையில் விசாரணை நடக்கும். அந்தக் கண்களை நான் எவ்வளவு வெறுத்தேன்! ஊரைவிட்டு வந்ததில் பாதி நிம்மதியே அதுதான். இங்கே மூன்று மாதம் ஒருத்தி என் பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள், கேட்க ஒரு அத்தை இல்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட நானும் கேட்கவில்லை.

வகுப்பு நின்றது. புதன்கிழமைதோறும் மகள் இப்போது பக்கத்து வீட்டில் இருக்கிறாள். அந்த அம்மா தேநீர் ஊற்றிவிட்டு, இவள் சொல் தேடும் நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் மகளின் பிறந்தநாள். பள்ளியிலிருந்து ஒரு வாழ்த்துகூட வரவில்லை. அந்த அக்காவிடமிருந்து வந்தது, சரியாக நள்ளிரவு பன்னிரண்டுக்கு. மகள் போனை என்னிடம் நீட்டினாள். பதில் போடவில்லை. அழிக்கவும் இல்லை.