எம்எம் 540: ஸ்டியரிங் ஆட்டம் ஒருவழியாக நின்றது

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பைப் போடியிலிருந்து மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். நாற்பது கிலோமீட்டர் வேகம், நாற்பத்தைந்து, ஐம்பது. வேண்டுமென்றே இடது சக்கரத்தை ஒரு பள்ளத்தில் இறக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. ஓரமாக நிறுத்தி இறங்கி, இரண்டு முன் சக்கரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினேன். ஒரு வருஷமாக இந்த வண்டியில் 45-ஐத் தாண்டியதில்லை. 42-க்கு மேல் போகும்போது சின்னக் குழி ஒன்று போதும், ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆட ஆரம்பிக்கும். பிரேக் மிதித்து வேகத்தைப் பத்துக்கு இறக்கினால்தான் அடங்கும். போடிமெட்டிலிருந்து இறங்குகிற 17 கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் பயத்தோடுதான் வந்துகொண்டிருந்தேன்.

டயர் பேலன்ஸ், டை ராட் எண்ட், ஷேக்கிள் புஷ் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஒரு பட்டறையில் ஸ்டியரிங் டேம்பர் போட்டுத் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். டேம்பர் போட்டால் ஆட்டம் கைக்குத் தெரியாது, தேய்மானம் உள்ளே அப்படியே நடந்துகொண்டிருக்கும்.

காரணம் கிங்பின்தான் (முன் சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சாணி, மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங்) என்று தெரிந்தது எப்படியென்றால், முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் இருந்தது. தம்பியைப் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். அப்போதும் இருந்தது. வீல் பேரிங் லூசாக இருந்தால் பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் கிங்பின். இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் டை ராட் எண்ட் காசு மிஞ்சியிருக்கும்.

முதல் தடவை நான் செய்தது தப்பு. கிங்பின்னின் மேல் மூடியை மட்டும் கழற்றி, அதிலிருந்து ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்ய மூடியில் வைக்கிற மெல்லிய தகடு) ஒவ்வொன்றாக உருவி, ஆட்டம் போகும்வரை இறுக்கினேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு வலது பக்க உருண்டையில் (முன் அச்சின் கோடியில் ஆக்சில் ஜாயிண்டை மூடியிருக்கிற கோளக் கூடு) எண்ணெய் கசிய ஆரம்பித்தது, ஸ்டியரிங் நேராக இருக்கும்போது ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது, ஆட்டமும் திரும்பி வந்துவிட்டது. மேலே மட்டும் ஷிம் எடுத்தால் நக்கிள் (உருண்டையின் மேல் சக்கரத்தோடு சேர்ந்து திரும்புகிற பாகம்) மொத்தமும் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். உருண்டைக்கும் சீலுக்கும் நடுவில் சுற்றிலும் ஒரே இடைவெளி இருக்காது, உள்ளே ஆக்சில் ஜாயிண்டும் நடுவில் நிற்காது. மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு இருக்க வேண்டும். வில்லிஸ் காலத்திலிருந்து வருகிற முன் அச்சு இது, அன்றைக்குச் சொன்ன விதிதான் இன்றைக்கும்.

இரண்டாவது தடவை முழுசாகப் பிரித்தேன். ஹப், ஸ்பிண்டில், ஆக்சில் ஷாஃப்ட், டை ராட், சீல் எல்லாம் வெளியே. வலது பக்கக் கீழ் மூடியில் ஷிம்முக்குப் பதிலாக ஒரு தகரத் துண்டு இருந்தது. யாரோ பவுடர் டப்பாவை வெட்டி வைத்திருக்கிறார்கள், பச்சைப் பெயிண்ட் கூடப் போகவில்லை. அப்பா வாங்கும்போதே அது உள்ளே இருந்ததா, பிறகு எந்தப் பட்டறையில் வைத்தார்களா, இனிமேல் தெரியப்போவதில்லை. கீழ்க் கப்பை, அதாவது பேரிங்கின் வெளி வளையத்தைத் துடைத்து வெயிலில் காட்டினால், சீப்புப் பல் மாதிரி வரிவரியாகக் குழி. கிங்பின் பேரிங் முழுசாகச் சுற்றாது, கொஞ்சம் இப்படி கொஞ்சம் அப்படி, அவ்வளவுதான். வண்டி பெரும்பாலும் நேராகப் போகிறதால் உருளைகள் ஒரே இடத்தில் அடித்து அடித்துக் குழி விழுந்துவிட்டது. நேராக இருக்கும்போது மாட்டிக்கொண்டது இந்தக் குழியில்தான். இதற்கு ஷிம் எவ்வளவு வைத்தாலும் பிரயோஜனம் இல்லை, கப்போடு பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும்.

பேரிங் 11590, கப் 11520. கடையில் "ஜீப் கிங்பின் பேரிங்" என்று கேட்காதீர்கள், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஜீப் சாமான் கடையில் பெயர் சொல்லிக் கேட்டபோது பெட்டி இல்லாத பேரிங்கை எடுத்து நீட்டினார்கள். மதுரையில் ஒரு பேரிங் கடையில் எண்ணைச் சொன்னதும் நல்ல கம்பெனிப் பொருள் கிடைத்தது. அப்படியே வீல் பேரிங் 18590, கப் 18520 ஒரு செட் வாங்கி வைத்துக்கொண்டேன். சீல்தான் இன்னும் மனசுக்குத் திருப்தியாக அமையவில்லை. வாங்கிய கிட்டில் ரப்பர் கட்டை மாதிரி இருக்கிறது, அதோடு வருகிற ஃபெல்ட் (கம்பளி) வளையம் மெல்லிசு. புதுப்பேட்டையில் பழைய ஸ்டாக் கிடைக்கும் என்கிறார்கள், சென்னை போகும்போது பார்க்க வேண்டும்.

பழைய கப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி எடுத்தேன். புதுக் கப்பை இறக்க அந்தப் பழைய கப்பையே வைத்துத் தட்டலாம். ஆனால் அதைக் கிரைண்டரில் ஒரு இடத்தில் குறுக்கே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். இது லேத் பட்டறை அண்ணன் சொல்லிக்கொடுத்தது.

இனி ஷிம். இந்த ஒரு வேலையில் மூன்று சாயங்காலம் போயிற்று, போனதில் வருத்தமே இல்லை. ஷிம் வருவது 0.003, 0.005, 0.010, 0.030 அங்குலக் கனத்தில். கூட்டினால் லூஸ், குறைத்தால் டைட். மேலும் கீழும் சமமாக வைத்து, நான்கு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக இறுக்கி, நக்கிளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பத்துத் தடவை திருப்பினேன். திருப்பாமல் அளந்தால் உருளை உட்காராது, அளவு பொய்யாக வரும். பிறகு டை ராட் மாட்டுகிற ஓட்டையில் கொக்கித் தராசை மாட்டி இழுத்தேன். அசைய ஆரம்பிக்கிற நிமிஷத்தில் தராசு ஒரு எடை காட்டும், அசைந்துகொண்டிருக்கும்போது அதைவிடக் குறைவாகக் காட்டும். பின்னதுதான் கணக்கு. சீல் மாட்டியிருந்தால் அதன் பிடிப்பும் சேர்ந்துவிடும், அதனால் சீல் இல்லாமல்தான் பார்க்க வேண்டும்.

இடது பக்கம் மூன்றாவது தடவையில் சரியாக வந்தது. வலது பக்கம் ஏழு தடவை. முதலில் இடதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமாக இழுத்தது. மேலேயும் கீழேயும் ஒரு 0.005 சேர்த்தேன், ஆட்டம் வந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு 0.003 வைத்தேன். அந்தத் தடவை மூடியை இறுக்கிவிட்டு நக்கிளைக் கையால் தள்ளியபோதே தெரிந்தது. கெட்டித் தேனுக்குள் கரண்டியைத் திருப்புகிற மாதிரி, ஒரே சீராக, எங்கேயும் மாட்டாமல் போயிற்று. தராசு இரண்டு பக்கமும் ஒரே எடை காட்டியது. 0.003 அங்குலம் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. வண்டி ஆடுவதும் ஆடாததும் அதில் இருக்கிறது.

லேத் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கையால் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இனிமே இதத் தொடாத. சீலப் போட்டு மூடு" என்றார்.

உருண்டைக்குள் என்ன ஊற்றுவது என்பதில் எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு கட்சி. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்காரர்கள் கெட்டி கிரீஸை அடைத்துவிடுவார்கள், கசியாது என்பதற்காக. கசியாதுதான். ஆனால் கெட்டி கிரீஸ் ஜாயிண்ட் சுற்றச் சுற்ற ஓரத்தில் ஒதுங்கி நின்றுவிடும், மேல் பேரிங்குக்கு ஏறாது. நான் பிரித்தபோது மேல் பேரிங்கில் காய்ந்த பொருக்குதான் இருந்தது. அதனால் இந்தத் தடவை மேல் பேரிங்கைக் கையால் கிரீஸ் அடைத்து மாட்டிவிட்டு, உருண்டைக்குள் 140 கியர் ஆயிலில் கொஞ்சம் கிரீஸைக் குழைத்து ஊற்றியிருக்கிறேன். கஞ்சி பதம். இரண்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்து எழுதுகிறேன்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) பின் சீல். ஹேண்ட் பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் இறங்குகிறது, மேட்டில் நிறுத்தினால் கல் வைக்க வேண்டியிருக்கிறது. முன்னால் லாக்கிங் ஹப் (தேவையில்லாதபோது முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கிற ஹப்) போடவும் ஆசை. மதுரையில் ஒரு ஜோடி பார்த்து வைத்திருக்கிறேன், விலை படியவில்லை.

ஆனால் இந்த வேலையே இன்னும் முடியவில்லை. இடது பக்கத்தில் பழைய ஃபெல்ட்டையே கழுவி மாட்டியிருக்கிறேன். டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு) நூல் கட்டிப் பார்த்ததில் இரண்டு மில்லிக்குக் கிட்ட வருகிறது, சமதளமான சிமெண்ட் தரையில் நிறுத்தி மறுபடி அளக்க வேண்டும். நேற்று ராத்திரி இரண்டு உருண்டைக்கும் கீழே செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் வலது பக்கத் தாள் சுத்தமாக இருந்தது. இடது பக்கத்தில் ஒரு சொட்டு, மிளகு அளவுக்கு.