பட்டுச் சேலைக்குள் கற்பூரம்

லண்டனில் அக்காவின் புது வீட்டுக் குடிபூரலுக்குப் போக மட்டக்களப்பில் பெட்டி அடுக்கும்போது, அம்மா பக்கத்திலேயே இருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். மாமாங்கம் கோயிலடியில் வாங்கிய கற்பூரம் இரண்டு பெட்டி, நெருப்புப் பெட்டி ஒரு கட்டு, பிள்ளைகளுக்கு மத்தாப்பு. கற்பூரத்தை அக்காவின் பட்டுச் சேலை மடிப்புக்குள் செருகி, "சேலையும் மணமா இருக்கும் மகன்" என்றார்.

மத்தாப்பு வெடிமருந்து, அது போகாது என்று தெரியும். அதை மட்டும் எடுத்து வைத்தேன். சாமிக்கு ஏற்றும் கற்பூரத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஸ்கேன் பண்ணியவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். முதலில் வெளியே வந்தது பவர் பேங்க். "இது கையில் கொண்டுபோங்க, பெட்டியில் வேண்டாம்" என்றார். லிதியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் கேபினில் என்றால் பணியாளர்கள் உடனே அணைக்கலாம். கீழே சரக்கறையில் யார் பார்ப்பது? என்னுடையது 20,000 மில்லியாம்பியர் ஹவர். அதை பேட்டரியின் வோல்ட் அளவான 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 74 வாட் ஹவர். 100 வரை கைப்பையில் கொண்டுபோகலாம். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணப் பொதியில் இடமே இல்லை.

அடுத்து சேலை மடிப்பை விரித்துக் கற்பூரத்தை எடுத்தார். அது எளிதில் தீப்பற்றும் திண்மப் பொருட்களில் ஒன்று. வெளியில் வைத்தால் தானாகவே கரைந்து காற்றோடு போகிறதே, அந்த ஆவியும் பற்றும். கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. நெருப்புப் பெட்டிக் கட்டும் அப்படித்தான்; பல விமானங்களில் சின்னதாய் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்க விடுவார்கள், அவ்வளவுதான்.

வெளியில் யாராவது நின்றால் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார். வந்த வேன் திரும்பிப் போய்விட்டது. கோயிலடிக் கற்பூரத்தை நானே குப்பைத் தொட்டியில் போட்டேன். மனசுக்குச் சரியான கஷ்டமாகப் போய்விட்டது.

மட்டக்களப்பிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் பண்ணி வருகிறவர்கள், தயவுசெய்து வீட்டிலேயே பெட்டியை ஒருதரம் பாருங்கள். பெயின்ட், தின்னர், பிளீச், கேஸ் அடைத்த சின்னச் சிலிண்டர், மண்ணெண்ணெய் மணக்கும் பழைய அடுப்பு எதுவுமே ஏற்ற முடியாது.

குடிபூரலுக்கு ஈஸ்ட் ஹாம் கடையொன்றில் கற்பூரம் வாங்கி ஏற்றினோம். அம்மாவுக்கு போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். "அது போகட்டும், சேலை கசங்கல்லதானே?" என்று கேட்டார்.