மார்க் போட்ட பிறகு என்ன: ஒரு செமஸ்டர் நாட்குறிப்பு

ஜனவரி 7

நாளை மறுநாள் வகுப்பு தொடங்குகிறது. முதலாண்டுப் புள்ளியியல், பல துறைப் பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் பெரிய வகுப்பு. இந்த முறை சிலபஸில் கை வைக்கவில்லை, மதிப்பிடும் முறையைத்தான் மாற்றப் போகிறேன். நெடுநாளாக என்னை உறுத்துகிற விஷயம் இது: தேர்வு எழுதி, நாங்கள் திருத்தி, தாள் திரும்பிப் போகும்போது வகுப்பு வேறு பாடத்துக்குப் போயிருக்கும். பிள்ளைகள் மேலே இருக்கிற மார்க்கைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவரின் மார்க்கைக் கேட்பார்கள், தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். தனக்கு எது புரியவில்லை என்பது ஒரு மாணவருக்கு மிகத் தெளிவாகத் தெரிகிற நேரம் அதுதானே? அந்த நேரத்தில் பாடத்தை மூடிவிட்டு நகர்ந்துபோகிறோம். தேர்வுக்குப் பிறகான அந்த நாட்களைப் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டும், இந்த செமஸ்டரில் நான் செய்ய நினைப்பது அவ்வளவுதான்.

ஜனவரி 9

முதல் வகுப்பிலேயே ஒரு கேள்வி. உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1970களில் கேட்ட பழைய கேள்விதான். ஓர் ஊரில் இரண்டு மருத்துவமனைகள். பெரியதில் நாளொன்றுக்குச் சுமார் 45 குழந்தைகள் பிறக்கின்றன, சிறியதில் 15. ஓர் ஆண்டில் 60 சதவீதத்துக்கு மேல் ஆண் குழந்தைகள் பிறந்த நாட்களை இரண்டிலும் குறித்து வைக்கிறார்கள். எதில் அப்படிப்பட்ட நாட்கள் அதிகமாக இருக்கும்?

யாரும் பேசக் கூடாது, ஆளுக்கொரு விடை அட்டையைத் தூக்க வேண்டும். பாதிக்கு மேல் ‘இரண்டிலும் ஒன்றுதான்’ என்ற அட்டை. விடையைச் சொல்லாமல், வேறு அட்டை தூக்கிய ஒருவரைத் தேடிப்போய்ப் பேசுங்கள் என்றேன். சில நிமிடம் ஒரே சத்தம். நான் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் சொன்னது காதில் விழுந்தது: “நாலு தடவை காசு சுண்டினா நாலும் தலையா விழலாம்பா, நானூறு தடவை சுண்டினா அப்படி விழுமா?” நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன். மறுபடி அட்டை தூக்கச் சொன்னபோது பெரும்பாலானவர்கள் சிறிய மருத்துவமனைக்கு மாறியிருந்தார்கள். அதன் பிறகுதான் பலகையில் கணக்கு: ஆண், பெண் வாய்ப்பு சமம் என்று வைத்தால் சிறியதில் ஆண்டுக்குச் சுமார் 55 நாட்கள், பெரியதில் சுமார் 25.

இப்படி முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்தில் இருப்பவருடன் வாதம், பிறகு மறுபடி விடை என்ற முறையை ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மாஸூர் 1990களின் தொடக்கத்திலிருந்து வளர்த்தெடுத்தார். இது வெறும் கலகலப்புக்காக என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சற்று முன் புரிந்துகொண்ட மாணவருக்குத் தான் எந்த இடத்தில் குழம்பினோம் என்பது இன்னும் நினைவில் இருக்கும், எனக்கு அது மறந்து பல வருஷம் ஆகிறது.

ஜனவரி 23

வாராந்தரக் குறுந்தேர்வு ஆரம்பித்தாயிற்று. ஐந்து கேள்விகள், குறிப்பு பார்க்கக் கூடாது, மார்க் மிகச் சொற்பம். அதில் ஒரு கேள்வி கட்டாயம் முந்தைய வாரங்களிலிருந்து வரும். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது மனதில் நிற்கும் என்பதை 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் ஒரு பரிசோதனையில் தெளிவாகக் காட்டினார்கள். படித்த ஐந்து நிமிடத்தில் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள்தான் முந்துகிறார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ். தேர்வுக்கு முந்தைய இரவு வாசித்தே ஒப்பேற்றும் பழக்கம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நீடிக்கிறது என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது.

பிப்ரவரி 12

எதிர்பார்த்தது வந்துவிட்டது. பெயர் போடாமல் கருத்து எழுதித் தரச் சொன்னதில் ஒரு கணிசமான பங்கு இதையே சொல்கிறது: “மேடம், நீங்களே நடத்திடுங்க, அதுதான் நல்லா புரியுது.”

இன்று பாதி வகுப்பை இதற்கே ஒதுக்கினேன். 2019இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியேவும் அவரது குழுவினரும் செய்த ஆய்வைச் சொன்னேன். ஒரே பாடம், ஒரே குறிப்புகள். ஒரு பாதிக்குத் தேர்ந்த விரிவுரை, மறு பாதிக்குக் குழுவாகக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வகுப்பு. விரிவுரை கேட்டவர்கள் தாங்கள்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள், ஆனால் சோதனையில் அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் மற்றவர்கள். காரணம் புரியக்கூடியதுதான். நல்ல விரிவுரை வழுக்கிக்கொண்டு போகும், கேட்கிறவருக்கு எங்கும் முட்டாது. தானே யோசிக்கும்போது தலை வலிக்கும், அந்த வலியைப் ‘புரியவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறோம்.

வகுப்பு அமைதியாகக் கேட்டது. “அப்போ கஷ்டமா இருந்தா நல்லதா மேடம்?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு கேள்வி. எல்லாக் கஷ்டமும் இல்லை என்று சொன்னேன். கேள்வியே குழப்பமாக எழுதப்பட்டிருந்தால் அது என் கடமையில் விழுந்த ஓட்டை. கேள்வி தெளிவாக இருந்து விடை மட்டும் கைக்கு எட்டாமல் நின்றால், அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்த ஆய்வை எந்த ஆசிரியரும் மாணவர்களிடமிருந்து மறைத்து வைக்கக் கூடாது. ஏன் இப்படி நடத்துகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லாமலே முறையை மாற்றுவது மரியாதையும் இல்லை, பலனும் இல்லை.

பிப்ரவரி 27

இரண்டு கட்டத் தேர்வு இன்று. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அறிவியல் பாடங்களில் பரவலாக நடக்கும் முறை. முதல் ஒரு மணி நேரம் வழக்கம்போல் தனித்தனியாக எழுதித் தாளைக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் நாலு நாலு பேராக உட்கார்ந்து, பெரும்பாலும் அதே கேள்விகளுக்கு, குழுவுக்கு ஒரே ஒரு விடைத்தாள். தனித் தேர்வுக்கு 85 சதவீதம், குழுவுக்கு 15. குழு மதிப்பெண்ணால் ஒருவருக்குக் குறைகிறது என்றால் அவருக்குத் தனி மதிப்பெண்ணே நிற்கும்.

ஒரு கேள்வியை மட்டும் விரிவாக எழுதி வைக்கிறேன். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்கும் பரிசோதனை ‘இருக்கிறது’ என்று தவறாகக் காட்டும், நோய் உள்ளவரைத் தவறவிடாது. ஒருவருக்கு ‘இருக்கிறது’ என்று வந்தால் உண்மையில் நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? இதையொத்த கேள்வியை 1978இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி சார்ந்த மருத்துவர்கள், மாணவர்கள் 60 பேரிடம் கேட்டபோது 11 பேர்தான் சரியாகச் சொன்னார்கள், 27 பேர் 95 சதவீதம் என்றார்கள்.

ஜன்னலோரக் குழுவில் மூன்று பேர் 95. நாலாவது பெண் 2 என்று எழுதியிருக்கிறாள், ஆனால் வாய்ப்பாட்டைச் சொல்லி அவளால் அவர்களை அசைக்க முடியவில்லை. “டெஸ்ட் 95 சதவீதம் சரின்னா விடை 95தானே, இதுல என்ன இருக்கு?” என்று ஒருவன் பேனாவை மூடியேவிட்டான். அவள் தாளைத் திருப்பி ஒரு பெரிய கட்டம் வரைந்தாள். ஆயிரம் பேர் என்று மேலே எழுதி, ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்து இவருக்கு நோய் என்றாள். “மீதி 999 பேர்ல அஞ்சு சதவீதம் எத்தனை?” சுமார் ஐம்பது. “அப்போ ‘இருக்கு’ன்னு வந்தவங்க மொத்தம் எத்தனை பேர்? அதுல நோயாளி எத்தனை பேர்?” பேனாவை மூடியவன் தானே தாளை இழுத்து 51 என்று எழுதி, அதன் மேல் கோடு போட்டு, அதற்கு மேல் 1 என்று எழுதினான்.

சதவீதத்தை ஆட்களின் எண்ணிக்கையாக மாற்றிச் சொன்னால் இந்த வகைக் கணக்கு எளிதாகிறது என்று உளவியலாளர்கள் கிகெரென்ஸரும் ஹோஃப்ராகேவும் 1995இல் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண் அதை வாசித்திருக்க வாய்ப்பில்லை. எதிரில் இருப்பவரைச் சம்மதிக்க வைத்தாக வேண்டும் என்ற நிலைமைதான் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. தேர்வு அறையில் இப்படி ஒரு கற்றல் கண்ணெதிரே நடப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 6

தாளை மார்க் போடாமல் திருப்பிக் கொடுத்தேன், குறிப்புகள் மட்டும். திருத்தி எழுதிக் கொடுத்த பிறகே மார்க் தெரியும். முணுமுணுப்பு இருந்தது, இருக்கட்டும். ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் பள்ளி மாணவர்களிடம் பார்த்தது இதுதான்: குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. மார்க் கண்ணில் பட்டதும் குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பது தாள் திருத்துகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

குறிப்பு எழுதுவதிலும் ஒரு பக்குவம் வேண்டியிருக்கிறது. ‘தவறு’, ‘இன்னும் தெளிவாக’ என்பதெல்லாம் எதற்கும் உதவாது. “கீழே 1000 போட்டிருக்கிறாய், கேள்வி எந்த ஆட்களைப் பற்றிக் கேட்கிறது?” என்று எழுதினால் அவர் திரும்பக் கேள்விக்குப் போகிறார்.

மார்ச் 20

துறைக் கூட்டம். குழு மார்க்கால் எல்லோரும் சும்மா பாஸாகிவிடுவார்கள் என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கவலைப்பட்டார். நியாயமான கவலை, அதனால் எண்களோடு போயிருந்தேன். 15 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கரையேற முடியாது. அதோடு 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் உடன் பணிபுரிந்தவர்களும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் விரிவுரை மட்டும் உள்ள வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் ஈடுபட்டுக் கற்கும் வகுப்புகளில் 21.8. இவை கேள்வித்தாளைச் சுலபமாக்கி வந்த எண்கள் இல்லை, ஒப்பிடத்தக்க தேர்வுகளில்தான் வித்தியாசம் தெரிகிறது.

வேலைப்பளு பற்றி இளைய ஆசிரியர்கள் கேட்டார்கள். அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். குறிப்பு எழுத நேரம் பிடிக்கும், அந்த நேரத்தைத் துறை கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ஆசிரியரின் நல்ல மனசை நம்பி மட்டும் இது நீடிக்காது.

ஏப்ரல் 10

இந்த வாரம் முழுக்க நேர்முகம். ஒவ்வொருவரும் தான் செய்த தரவுப் ப்ரொஜெக்ட்டை எடுத்து வந்து சில நிமிடம் பேச வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து வீட்டில் எழுதிவரும் அறிக்கையை மட்டும் வைத்து மார்க் போடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றம் சாட்டவும் நான் தயாரில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படியொரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதாது என்று அந்த ஜூலையிலேயே விலக்கிக்கொண்டது.

பேசவே பயப்படுகிறவர்களுக்கு இது அநியாயம் ஆகிவிடக் கூடாது. அதனால் கேள்விகளின் பட்டியலை ஒரு வாரம் முன்பே கொடுத்திருந்தேன், மதிப்பிடும் அளவுகோலும் கையில் இருந்தது, ஆங்கிலத்தில் தடுமாறினால் தாய்மொழியில் பேசலாம். ஒருவரிடம் அவரது வரைபடத்தைக் காட்டி “இந்த ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் கோடு எப்படிப் போகும்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மடிக்கணினியைத் திருப்பி, அங்கேயே அந்தப் புள்ளியை நீக்கிக் காட்டினார், கோட்டின் சரிவு பாதியாகக் குறைந்தது. “அப்போ என் முடிவுரையை மாத்தணும் மேடம்” என்று அவரே சொன்னார். மாற்றித் தர மூன்று நாள் அவகாசம் கொடுத்தேன். எல்லோருக்கும் அந்த அவகாசம் உண்டு.

ஏப்ரல் 24

இறுதித் தேர்வையும் இரண்டு கட்டமாக நடத்த அனுமதி கேட்டிருந்தேன். தேர்வுப் பிரிவு அரங்க நேரத்தைக் காரணம் காட்டி முதலில் மறுத்தது, தனித் தேர்வைக் குறுக்கிக் கடைசி முக்கால் மணி நேரத்தைக் குழுவுக்கு விடுகிறேன் என்றதும் இந்த ஒரு முறைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கேள்விகளைக் குறைக்க வேண்டும். வாய்ப்பாட்டில் எண்ணைப் போட்டு முடிக்கிற கேள்விகள் மூன்றும் போகட்டும், மருத்துவமனைக் கேள்வியின் வகையில் புதிதாக ஒன்று எழுத வேண்டும். மாதிரியின் அளவைப் பற்றி, ஆனால் குழந்தைகளும் மருத்துவமனையும் இல்லாமல், மனப்பாடம் கைகொடுக்காதபடி. இன்று இரண்டு வரைவு எழுதினேன், இரண்டிலும் விடை கேள்வியிலேயே எட்டிப் பார்க்கிறது. நாளை காலை உதவி ஆசிரியர்களிடம் கொடுத்து அவர்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.