கீரையும் அக்காவும்

நேற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைக் கடையில் அக்காவோடு சாப்பாடு. அவர் மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர். புற்றுநோயில் தொடங்கி, ஊட்டச்சத்துக்குப் போய், இப்போது ஆட்டிசத்தில் நிற்கிறார். "ஏன்க்கா இப்படித் தாவுறீங்க?" என்றேன். இலையிலிருந்த கீரையைக் காட்டினார். "தாவலடா, எல்லாம் ஒரே ஃபோலேட்தான்." கீரையில் இருக்கும் ஒரு பி வைட்டமின் அது.

செல் பிரிய டிஎன்ஏ வேண்டும். அதைக் கட்ட ஃபோலேட் வேண்டும். புற்றுநோய்ச் செல்லுக்கும் அப்படித்தான். ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் தற்காலிகமாக அடங்கியதை 1948இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். அந்த மருந்தை உருவாக்கிய குழுவின் தலைவர் சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். (பள்ளியில் இவரைப் பற்றி எனக்கு யாருமே சொன்னதில்லை!)

ஆட்டிசமுள்ள சில பிள்ளைகளின் ரத்தத்தில், ஃபோலேட் மூளைக்குள் போவதைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) இருக்கின்றனவாம். அப்படியானால் ஃபோலேட்டையே மருந்தாகக் கொடுத்தால் பலிக்குமா என்று கேட்டேன். "அவசரப்படாதே" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது தடவை கீரை கேட்டார்.