விசையின் விசையைக் குறைத்த கதை

தலைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. துப்பாக்கியில் விரல் வைத்து இழுக்கும் உறுப்புக்கும் தமிழில் விசை என்றுதான் பெயர். அதை இழுக்கத் தேவையான பலமும் விசைதான். குழப்பம் வேண்டாம் என்று இனி உறுப்பை விசை என்றும் பலத்தை எடை என்றும் எழுதுகிறேன். அமெரிக்காவிலும் இதை எடையாகத்தான், பவுண்டிலும் அவுன்ஸிலும் சொல்கிறார்கள். 1 பவுண்டுக்கு 16 அவுன்ஸ். நம் கணக்கில் ஏறத்தாழ 454 கிராம்.

என்னுடையது ரூகர் அமெரிக்கன் போல்ட் துப்பாக்கி, அதாவது போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுவது; .308 தோட்டா. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கென்று வாங்கியது. போன பருவத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை, அது வேறு கதை. பயிற்சித் திடலில் 100 கெஜத்தில் சுடும்போது விசை விடுபடுகிற அந்தக் கணத்தில் குறுக்குக்கோடு லேசாக வலப்பக்கம் நழுவுவதை, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பிலேயே பார்த்தேன். ஸ்கோப்போடு சேர்த்து ஏழு பவுண்டுச் சொச்சம் கனக்கிற துப்பாக்கியை, நாலரைப் பவுண்டுக்கு மேல் பலம் கொடுத்து ஒரு விரலால் இழுத்தால் அது அசையாமல் என்ன செய்யும்?

நாலரை என்று அப்போது எனக்குத் தெரியாது. முதலில் அளந்தது ஊருக்குப் போகும்போது பெட்டி தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசில். "அதில் இன்னும் 23 கிலோ பெட்டி இரண்டு நிறுக்க வேண்டும், உடைத்துவிடாதீர்கள்" என்றாள் மனைவி. உடையவில்லை, உதவவும் இல்லை. 50 கிராமுக்கு 50 கிராம் தாவுகிற எண்ணை வைத்துக்கொண்டு அவுன்ஸ் பார்க்க முடியாது. கொக்கியும் விசையின் வளைவில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு டிஜிட்டல் விசைமானி வாங்கினேன். பத்து முறை இழுத்ததில் குறைந்தது 4 பவுண்டு 8 அவுன்ஸ், அதிகம் 4 பவுண்டு 14, சராசரி 4 பவுண்டு 11. இந்த மாடலில் 3 முதல் 5 பவுண்டு வரை வைத்துக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஆக, கீழே இறங்க இடம் இருந்தது.

திருகாணியைத் தொடுமுன் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். போல்ட்டை மூடும்போது, ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை ஒரு கொக்கி பிடித்து நிறுத்துகிறது. விசையை இழுத்தால் கொக்கிக்கு அடியில் இருக்கும் தாங்கல் விலகுகிறது, கொக்கி இறங்குகிறது, ஊசி பாய்கிறது. எடையைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு விசையை முன்னுக்குத் தள்ளிவைக்கும் சிறிய ஸ்பிரிங்குக்கு. கொக்கியும் தாங்கலும் எவ்வளவு ஆழம் கவ்வியிருக்கின்றன என்பது தனி விஷயம்; அதில் கை வைத்தால்தான் ஆபத்து. 1962-இல் வந்த ரெமிங்டன் 700 என்ற போல்ட் துப்பாக்கியின் பழைய விசையில் இவற்றுக்கெல்லாம் தனித்தனித் திருகாணிகள் இருந்தன, அரக்கு வைத்து மூடித்தான் ஆலையிலிருந்து அனுப்புவார்கள். என் துப்பாக்கியில் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரே ஒரு திருகாணி. அரம் வைத்துத் தேய்ப்பது, ஸ்பிரிங்கை வெட்டுவது போன்ற வீரதீரங்களுக்கு நான் ஆள் இல்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. தோட்டாக்களை மாடியில் பூட்டி வைத்துவிட்டு, துப்பாக்கியைக் கராஜில் வைத்தேன். மேகசினை எடுத்து, போல்ட்டை உருவி, தோட்டா உட்காரும் அறைக்குள் விரல்விட்டுப் பார்த்தேன். தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையை இரும்புப் பாகத்தோடு பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளைக் கழற்றியதும் இரும்புப் பாகம் தனியே வந்துவிட்டது. விசைப் பெட்டியின் முன்புறத்தில் அந்தத் திருகாணி, உளுந்தைவிடச் சற்றுப் பெரிது. அலென் கீயால் அரைச் சுற்று தளர்த்தி அளந்தேன். இன்னும் அரைச் சுற்று, மறுபடி அளவு. கடைசியில் 3 பவுண்டு 1 அவுன்ஸில் வந்து நின்றது.

பூட்டிய பிறகு செய்ய வேண்டிய சோதனைகளைத் தாண்டிப் போகக் கூடாது. அறை காலி என்று மீண்டும் பார்த்துவிட்டு, போல்ட்டை ஓங்கி அறைந்து மூடினேன், பத்து முறை. ஊசி ஒரு முறையும் விழவில்லை. பாதுகாப்புப் பூட்டைப் போட்டு விசையைப் பலமாக இழுத்து விட்டு, விரலை எடுத்த பிறகு பூட்டைத் திறந்தேன், விழவில்லை. கம்பளத்தின் மேல் கட்டையின் அடியைக் குத்தினேன். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினேன். ஒன்றிலாவது 'டிக்' கேட்டிருந்தால் திருகாணியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோயிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை திடலில் எனக்கு ஓர் அவமானம் காத்திருந்தது. குண்டுகள் வழக்கமான இடத்திலிருந்து இரண்டு அங்குலம் வலப்பக்கம், சற்றுக் கீழே போய் விழுந்தன. எடையைக் குறைத்ததற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று 15 தோட்டா தலையைச் சொறிந்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, கட்டையைக் கழற்றினாயா, பூட்டும்போது திருகாணியை எவ்வளவு முறுக்கினாய் என்று கேட்டார். கைக்குப் பட்ட அளவு என்றேன். சிரித்தார். அந்த முறுக்கு மாறினால் குண்டு விழும் இடமும் மாறலாமாம். வீட்டுக்கு வந்து முறுக்கு அளக்கும் திருப்புளி ஒன்று வாங்கி, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கி, ஸ்கோப்பை மறுபடி சரிசெய்தேன். அன்றைய 15 தோட்டாவும் கணக்கில் சேராது.

ஐந்து குண்டுகள் சுட்டு, துளைகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று அளப்பது ஒரு குழு. மாற்றத்துக்கு முன் அப்படி மூன்று குழுக்களின் சராசரி 1.8 அங்குலம். 3 பவுண்டு 1 அவுன்ஸில் 1.5. குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கட்டையை இப்போதுதான் ஒழுங்காக இறுக்கியிருக்கிறேன். எது எதைக் குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டையும் அடுத்தடுத்து மாற்றிவைத்தது என் முட்டாள்தனம்.

அக்டோபர் கடைசியில், குளிர் கராஜுக்குள்ளேயே வந்த ஒரு மாலை, வேட்டைக்குப் போடும் தடித்த கையுறையோடு, தோட்டா போடாமல் இழுத்துப் பழகினேன். இந்த விசையின் நடுவில் ஒரு மெல்லிய தகடு உண்டு. அதை அழுத்தினால்தான் விசை நகரும். வெறும் விரலுக்கு அது தெளிவாகத் தெரியும். கையுறைக்குள்ளிருந்து தகடு எங்கே முடிகிறது, விசை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த புள்ளியில் குறுக்குக்கோட்டை நிறுத்த முயன்றுகொண்டிருந்தேன், இன்னும் இழுக்கவே தொடங்கவில்லை என்று நினைத்தேன். 'டிக்'. காலித் துப்பாக்கிதான். இருந்தாலும் வயிற்றில் ஏதோ கரைந்தது.

மறுநாளே மேலே ஏற்றினேன். 3 பவுண்டு 10 அவுன்ஸ். எல்லாச் சோதனைகளும் முதலிலிருந்து. கையுறையோடு 30 முறை இழுத்ததில் ஒன்றுகூட என்னை ஏமாற்றவில்லை. அதன் பிறகு இரண்டு வாரம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் 20 முறை தோட்டா போடாமல் இழுத்துப் பழகினேன். ஸ்கோப்பின் மேல் ஒரு ஐந்து சென்ட் காசை வைத்து, அது விழாமல் இழுக்க வேண்டும். நவம்பர் நடுவில் திடலில் மூன்று குழுக்களின் சராசரி 1.3 அங்குலம். முன்பைவிட அரைப் பவுண்டுக்கு மேல் எடை கூடியும் குழு சுருங்கியிருக்கிறது. ஐந்து சென்ட் செலவில் கிடைத்ததை முதலிலேயே செய்திருக்கலாம்.

திருகாணி அதிர்வில் நகராமலிருக்கப் பசை வைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. 2014 ஏப்ரலில் ரெமிங்டன் தன் எக்ஸ்-மார்க் ப்ரோ விசை வைத்த துப்பாக்கிகளைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே, பொருத்தும்போது அளவுக்கு மீறி வைக்கப்பட்ட பசைதான். அதை நினைத்ததும் பசைக் குப்பி அலமாரிக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பதில் மனைவியின் நகப்பூச்சில் ஒரு தீக்குச்சி முனையைத் தொட்டு, திருகாணித் தலையிலிருந்து விசைப் பெட்டி வரை மயிரிழையாக ஒரு கோடு, வெளிப்புறத்தில் மட்டும். திருகாணி நகர்ந்தால் கோடு உடையும். வேட்டை, நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. பருவம் முடிந்து கட்டையைக் கழற்றும்போதுதான் கோட்டைப் பார்க்க முடியும். அதுவரை விசைமானிதான். நேற்று பத்து முறை இழுத்தேன்: சராசரி 3 பவுண்டு 10 அவுன்ஸ்.