ஃபெராரி 308 கைமாறும் வரை

பிப்ரவரி 4
டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்கும் ரப்பர் பட்டை) மாற்றிய பில் எந்த ஃபைலிலும் இல்லை. பெல்ட் இரண்டு, அவற்றை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங் இரண்டு. வாங்க வருகிறவர் கிலோமீட்டரைவிடத் தேதியைத்தான் கேட்பார். ஓடாமல் நின்றாலும் ரப்பர் கெடும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் போச்சு. பில் இல்லாவிட்டால் புதுப் பெல்ட், கூலி எல்லாம் விலையில் கழியும்.

பிப்ரவரி 5
சேஸிஸ் எண், இன்ஜின் எண் போட்டோ. குத்திய எண்மேல் கம்பி பிரஷ் படவே கூடாது. பளபளத்தால் திருத்திக் குத்தியதோ என்ற சந்தேகம் வரும். விளம்பரத்தில் கடைசி மூன்று இலக்கத்தை மறைக்க வேண்டும்.

பிப்ரவரி 8
விளம்பரம் பார்த்த ஒருவர், “கடைசி விலை என்ன?” வண்டியைப் பார்க்காமலே. பதில் கிடையாது.

பிப்ரவரி 9
கம்ப்ரஷன் சோதனை: எட்டு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளப்பது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். எட்டு பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி சுற்ற வேண்டும். மிதிக்காவிட்டால் எட்டும் குறைவாகக் காட்டி வயிற்றைக் கலக்கும். வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி. ஒன்று மட்டும் இறங்கினால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி: ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருப்பதால் சீட்டுப் பக்கத்து நாலு பிளக்குக்குக் கை போவதே பெரும்பாடு.

பிப்ரவரி 10
பில். எங்கே?

பிப்ரவரி 13
வண்டியைப் பார்க்க ஒருவர் நாளை வருகிறார். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்கக் கூடாது. விவரம் தெரிந்தவர் முதலில் இன்ஜின் மேல்தான் கை வைப்பார். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் நாலு வெபர் கார்புரேட்டரும் காய்ந்திருக்கும். சாவியைத் திருப்பி, பெட்ரோல் பம்ப் சத்தம் மாறும் வரை பொறுத்து, ஆக்சிலரேட்டரை நாலைந்து முறை மிதித்த பிறகே ஸ்டார்ட்டர். ஆயில் சூடாகும் வரை இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும். முதலிலிருந்து நேரே மூன்று. வண்டி நகரும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். கரகரப்பு கேட்ட பிறகு சொன்னால் சாக்குப்போக்கு.

பிப்ரவரி 14
பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டரைக் கதவில் வைத்தார், எண் வரவில்லை. 1976 ஃபைபர் பாடி, அந்த மீட்டர் உலோகத்துக்கானது. கதவு மூலையிலும் விளக்குக் குழி ஓரத்திலும் நட்சத்திர விரிசல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஃபைபர் என்பதால் துருவே இல்லை என்பதும் தப்பு. உள்ளே இருப்பது இரும்புக் குழாய்ச் சட்டம். டயரில் 1412 என்று படித்தார்: 2012-இன் 14ஆம் வாரம். பட்டன் தேயாவிட்டாலும் கழிவு உண்டு. நியாயம்தான்.

பெல்ட் தேதியும் கேட்டார்.

பிப்ரவரி 17
பணம் போட்டுவிட்டதாக வங்கி ரசீதின் படம் அனுப்பியிருக்கிறார். படம் பணமாகாது. கணக்கில் ஏறி, வங்கியே உறுதி சொன்ன பிறகுதான் சாவி, பத்திரம், டூல் பை, ஸ்பேர் வீல்.

பிப்ரவரி 18
இன்னும் ஏறவில்லை. பேட்டரி சார்ஜரில்.