ஓடாமலே ஓடும் ‘ரன்’

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள் கொண்ட ‘ரன்’ என்ற சொல்லுக்கு ‘ஓடு’ என்று பொருள் எழுதி, பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். பிறகு அதே சொல் கடை நடத்துவதற்கும், சாயம் போவதற்கும், கையிருப்பு தீர்ந்துபோவதற்கும், காய்ச்சல் அடிப்பதற்கும் வந்து நிற்கும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கற்க வேண்டுமோ என்ற மலைப்பு உண்டாகிறது. அந்த மலைப்பு தேவையற்றது என்பதே என் எண்ணம். இச்சொல்லின் பெரும்பாலான பொருள்களுக்குள் ஒரே இழை ஓடுகிறது. அந்த இழை காலின் வேகம் அன்று, தடைபடாத தொடர்ச்சி.

அகராதிக்காரர்களுக்கே இச்சொல் பெரும் உழைப்பை வைத்தது. 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், ‘செட்’ என்ற சொல்லே 430 பொருள்களோடு மிக நீண்ட பதிவாக இருந்தது. அடுத்த பதிப்புக்கான திருத்தப் பணியில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டன. அகராதியாளர் பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லுக்காக ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் உழைத்தார்.

இச்சொல்லோடு ஒரே வேரில் பிறந்த ஜெர்மன் சொல்லான ‘ரின்னன்’ இன்றும் நீர் வழிந்தோடுவதையே குறிக்கிறது. ஆங்கிலத்திலும் நீரோட்டப் பொருள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டதன்று. கால்களின் ஓட்டத்தைப் போலவே பழமையானது. ஆறு ‘ரன்’ ஆகிறது, குழாய் ‘ரன்’ ஆகிறது, சளி பிடித்தால் மூக்கும் ‘ரன்’ ஆகிறது. துணியைத் துவைக்கையில் சாயம் கரைந்து பக்கத்துத் துணியில் இறங்குவதும் நீரின் ஓட்டம்தான். அங்கிருந்து ஒரு படி மேலே சென்றால், அசையாத பொருள்களும் இச்சொல்லுக்குள் வந்துவிடுகின்றன: கடலோரமாகச் செல்லும் சாலை, தோட்டத்தைச் சுற்றிச் செல்லும் வேலி, தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தில் தொடரும் நோய் ஆகிய எல்லாவற்றுக்கும் ‘ரன்’தான். இவற்றில் எதுவும் ஓடுவதில்லை. ஆனால் எதுவும் நடுவில் அறுந்துபோவதும் இல்லை.

தமிழருக்கு இதில் வியப்படைய அதிகம் இல்லை. நம் மொழியிலும் கடிகாரம் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. தானே நிகழ்வதை ‘ஓடு’ என்றும், பிறிதொன்றை நிகழச் செய்வதை ‘ஓட்டு’ என்றும் தமிழ் வடிவத்தாலேயே பிரித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரன்’ ஒன்றே என்பதால், பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். ‘ஷீ ரன்ஸ் எவ்ரி டே’ என்றால் அவள் நாள்தோறும் ஓடுகிறாள். ‘ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்’ என்றால் அவள் ஒரு பள்ளியை நடத்துகிறாள். இந்த இரண்டாவது வாக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு ஒன்று உண்டு: நிறுவனத்தை ஆங்கிலம் ஓட வைக்கிறது, தமிழோ நடக்க வைக்கிறது.

பெயர்ச்சொல்லாக வரும்போது ‘ரன்’ தன் கால்களை முற்றிலும் மறந்துவிடுவதும் உண்டு. கிரிக்கெட்டில் அது ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியதன் கணக்கு. ஆயினும் பந்து தரையைத் தொட்டபடி எல்லைக்கோட்டை எட்டிவிட்டால், மட்டையாளர் நின்ற இடத்திலிருந்தே 4 ரன் பெறுகிறார். வைப்புத்தொகை வைத்திருப்போர் பயந்துபோய் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது ‘பேங்க் ரன்’. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முனைந்தார்கள். அவர்களில் மிகப் பலர் கைப்பேசியிலும் கணினியிலுமே அதைச் செய்தார்கள் என்றாலும், அதற்கும் ‘ரன்’ என்றுதான் பெயர்.

கற்பவரை உண்மையில் தடுமாறச் செய்பவை, பின்னால் ஒட்டும் சிறு சொற்கள்தாம். ‘ரன் டவுன்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். மின்கலம் சக்தி இழப்பதும், வண்டி ஒருவரை மோதி வீழ்த்துவதும், ஒருவரைத் தாழ்த்திப் பேசுவதும், உடல் களைத்துத் தளர்வதும் அதிலேயே அடங்குகின்றன. இங்கே திசையைக் காட்டும் ‘டவுன்’தான் பொருளைச் சுமக்கிறது, நான்கிலும் ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது. ‘ரன் அவுட்’ என்பதும் அப்படியே: ஓடிக்கொண்டிருந்த கையிருப்பு முழுவதும் வெளியேறி, பாத்திரம் வெறுமையாகிவிட்ட நிலை. ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, அல்லது எதன் மீதாவது மோதிக்கொள்வது.

இந்த இழைக்குள் எளிதில் அடங்காதவையும் சில உண்டு. அவற்றுள் ஒன்றை ஆங்கிலம் பேசுவோரே ஒருமித்து ஏற்கவில்லை. தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்கர்கள் ‘ரன்’ என்கிறார்கள். பிரிட்டனில் அதற்கு நெடுங்காலமாக வழங்கும் சொல் ‘ஸ்டாண்ட்’. நாமும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம்.